சூலம் போலப் பிரியும் வழி: காடுகாண் காதையை கேம் காட்சியாக எழுதுவது

புராணத்தை வைத்து வீடியோ கேம் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே ஓவியரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். தெய்வத்துக்கு எத்தனை கை, என்ன ஆயுதம், கிரீடத்துக்கு எந்தச் சிற்பத்தைப் பார்ப்பது என்று பேச்சு ஓடுகிறது. கதை எழுதுபவர் வந்து சேரும்போது உருவங்கள் முடிவாகியிருக்கும். அவற்றின் வாயில் வசனம் வைப்பதுதான் அவருக்கு மிஞ்சும் வேலை.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பழங்கதையிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது அதன் நிபந்தனைகளை. யார் வழிமறிக்கிறார், என்ன கேட்கிறார், பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும், கிடைத்ததற்கு விலை என்ன? இரணியன் வாங்கிய வரத்தைப் பாருங்கள். வீட்டுக்கு உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. மனிதனும் கூடாது, மிருகமும் கூடாது. இது ஒரு பூட்டு. வாசற்படி, அந்திப்பொழுது, நரசிம்மம் என்ற மூன்றும் சேர்ந்தது சாவி. ஒரு புதிர்க்கட்டம் முழுசாக எழுதப்பட்டு நம் கையில் இருக்கிறது. சிங்க முகத்தை எப்படி வரைவது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

எனக்குத் தெரிந்தவரை தமிழில் இதற்கு மிகச் சிறந்த பாடம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது, ஆனால் எல்லோரும் போய் நிற்கிற இடத்தில் இல்லை. 3 காண்டம், 30 காதை கொண்ட நூலில் கேம் என்றதும் கை வைப்பது வழக்குரை காதையில்தான்: சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, அதைத் தொடர்ந்து மதுரை எரிகிறது. பார்க்கப் பிரமாதமான காட்சி. விளையாடுபவருக்கோ அங்கே செய்ய எதுவும் இல்லை. சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்று கண்ணகிக்கு முன்பே தெரியும், நமக்கும் தெரியும். பட்டனை அழுத்திவிட்டு வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

நான் சொல்வது 11ஆம் காதை. மதுரைக்காண்டத்தின் முதல் காதையான காடுகாண் காதை. கோவலன், கண்ணகி, சமணத் துறவி கவுந்தியடிகள் மூவரும் உறையூரை விட்டு மதுரைக்கு நடக்கிறார்கள். வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். கோவலன் வழி கேட்கிறான். கொடும்பை என்ற ஊரின் நெடுங்குளக் கரைக்குப் போனால் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான் மறையோன். அந்தக் கவர்வழியை இளங்கோ சொல்லும் விதம்: "பிறைமுடிக் கண்ணிப் பெரியோன் ஏந்திய அறைவாய்ச் சூலத்து அருநெறி கவர்க்கும்." சிவன் கைச் சூலத்தின் மூன்று இலை போல. கிளைக்கதை எழுதுகிறவர்கள் பலகையில் முதலில் வரைகிற படம் இதுவேதான்.

வழியைச் சொல்வதற்கு முன் மறையோன் பருவத்தைச் சொல்கிறான். கோடை உச்சம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்ற புகழ்பெற்ற வரிகள் இங்கேதான் வருகின்றன. இதைப் பள்ளிக்கூடத்தில் திணைப் பாடமாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கேம் எழுதுபவர் இதை வேறு மாதிரி வாசிக்க வேண்டும். இங்கே பாலை என்பது வரைபடத்தில் தனி இடம் இல்லை, வேறு நிலம் அடைகிற ஒரு நிலை. அதே வரைபடம், அதே பாதை. பருவம் என்ற ஒரே மாறி, அதாவது கேம் நினைவில் வைக்கும் ஒரு மதிப்பு, மாறினால் சுனை வற்றுகிறது, நிழல் குறைகிறது, வழிப்பறிக்காரர் வருகிறார்கள். ஐந்து திணைக்கு ஐந்து தனித்தனி நிலப்பரப்பு கட்ட ஆரம்பித்து பாதியில் பணம் தீர்ந்து நிற்பதைவிட, இரண்டு நிலத்தைக் கட்டி அவற்றைத் திரிய விடுவது செலவிலும் குறைவு, மூலத்துக்கும் நெருக்கம்.

வலப்பக்க வழி வறண்டது. ஓமையும் உழிஞ்சிலும் காய்ந்து நிற்க, தாகத்தில் மான் நின்று கத்தும் காடு. வேடர்களான எயினரின் சுரத்தைத் தாண்டினால் வாழையும் மாவும் பலாவும் செறிந்த சிறுமலை. அதை வலமாக வைத்துப் போனால் மதுரை. உடம்பைச் சோதிக்கிற வழி இது, மனசைச் சோதிப்பதில்லை.

இடப்பக்க வழிதான் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. வயலும் சோலையும் கடந்து திருமால்குன்றம், அதாவது அழகர்மலை. அங்கே ஒரு குகை, காப்பியத்தின் சொல்லில் பிலம். அதற்குள் மூன்று பொய்கைகள். புண்ணிய சரவணத்தில் குளித்தால் இந்திரன் செய்த ஐந்திர இலக்கணம் கைவரும். பவகாரணியில் குளித்தால் முற்பிறப்பு தெரியும். இட்டசித்தியில் குளித்தால் நினைத்தது நடக்கும். உள்ளே போவதற்கான படிகளைக் கவனியுங்கள். திருமாலை நினைத்துத் தொழுது மலையை மும்முறை வலம் வர வேண்டும். அப்போது சிலம்பாற்றங்கரையில் வரோத்தமை என்ற பெண் தோன்றுவாள். இம்மை இன்பம் எது, மறுமை இன்பம் எது, இரண்டும் இன்றிச் செம்மையில் நிற்பது எது என்று கேட்பாள். சொன்னால் கதவு திறக்கும். உள்ளே இரட்டைக் கதவருகே இன்னொருத்தி: முடிவில்லாத இன்பம் எது? சொன்னால் பொய்கைகளைக் காட்டுவாள். சொல்லாவிட்டாலும் துன்பம் செய்ய மாட்டாள், நெடுவழியில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். பொய்கைக் கரையில் ஐந்தெழுத்து, எட்டெழுத்து என்ற இரண்டு மந்திரங்களையும் ஓதி, மூன்றில் வேண்டிய ஒன்றில் குளிக்கலாம். ஒன்றில்.

இதில் எழுதுபவர் கண்ணுக்கு நான்கு விஷயங்கள் பட வேண்டும். நுழைவுக்கு உழைப்பு உண்டு. தேர்வு உண்டு. தோற்றால் தண்டனை இல்லை, இழப்பு மட்டும் உண்டு. பரிசு மூன்றில் ஒன்றுதான். பல கேம்களில் புதிர் தவறினால் உயிர் போகும், திரும்ப அதே இடத்தில் தொடங்க வேண்டும். அதனால் விளையாடுபவர் கேள்வியை யோசிக்க மாட்டார், எல்லா விடையையும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பார். வரோத்தமையின் முறையில் ஒருமுறைதான் வாய்ப்பு, தவறினால் சாவு இல்லை, கதை நகர்ந்துகொண்டே இருக்கும். அப்போதுதான் ஒரு மனிதர் திரை முன்னால் உட்கார்ந்து உண்மையிலேயே யோசிப்பார்.

சிக்கல் எங்கே வரும் என்றால், அந்தக் கேள்விகளுக்கு விடை என்ன என்பதில். மறையோன் விடையைச் சொல்வதில்லை. நான்கு விடை கொடுத்து ஒன்றைச் சரி என்று குறித்தால் காட்சி வினாடி வினாவாகச் சுருங்கிவிடும். நான் பரிந்துரைக்கும் வழி: எதையும் தவறு என்று குறிக்காதீர்கள். இதுவரை வந்த வழியில் விளையாடுபவர் செய்தவற்றில் மூன்றைக் குறித்து வைத்திருங்கள். தன் தண்ணீரைப் பகிர்ந்தாரா? வழிப்போக்கருக்காக நின்றாரா? பெருமைக்காகப் பொய் சொன்னாரா? அவர் சொல்லும் விடை அவர் செய்ததோடு ஒத்துப்போனால் கதவு திறக்கட்டும். தருமமே இன்பம் என்று சொல்லிவிட்டு வழியில் ஒருவரையும் திரும்பிப் பார்க்காதவருக்கு வரோத்தமை சரி, தவறு என்று சொல்லாமல் நெடுவழியைக் காட்டட்டும். ஏன் என்று விளக்கம் எழுதாதீர்கள். அவளுக்கு ஒரே ஒரு வசனம் போதும்: "நீங்கள் நடந்து வந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

இவ்வளவு ஆசை காட்டிய பிறகு காப்பியம் செய்கிற காரியம் பிரமிப்பானது. கவுந்தியடிகள் மூன்று பொய்கையையும் சில வரிகளில் மறுத்துவிடுகிறார். ஐந்திரம் சொல்வதை எங்கள் மெய்ந்நூலில் காணலாம். போன பிறப்பில் செய்ததை இந்தப் பிறப்பில் அனுபவிப்பதிலேயே காணலாம். பொய்யாமல் உயிர்களைக் காப்பவருக்கு அடைய முடியாத பொருள் எது? உடன்வரும் பாத்திரம் ஒன்று கேமின் பரிசுமுறையையே எடுத்துக் கேள்வி கேட்கிறது! துணைப்பாத்திரங்களை நடமாடும் மருந்துப்பெட்டியாக எழுதுகிறவர்கள் இதைப் பலமுறை படிக்க வேண்டும். கவுந்திக்கு நம்பிக்கை உண்டு, அந்த நம்பிக்கைக்கு ஒரு கணக்கு உண்டு. விளையாடுபவர் அவர் பேச்சை மீறி இடப்பக்கம் போகலாம். போனால் அவர் தடுக்கக் கூடாது, குகைக்குள் வரவும் கூடாது, வாசலில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது என்ன கிடைத்தது என்று கேட்காமல் எழுந்து நடக்க வேண்டும். மௌனமும் எழுதப்படுகிற வசனம்தான்.

அதே கவுந்தியைப் பற்றி முந்திய நாடுகாண் காதையில் இன்னொன்று கிடைக்கிறது. கோவலனையும் கண்ணகியையும் கேலி பேசிய இருவரை அவர் நரிகளாகும்படி சபிக்கிறார். சபிக்கப்பட்டவர்களுக்காகக் கோவலனும் கண்ணகியுமே பரிந்து பேச, சாபத்துக்கு 12 மாதம் என்று கெடு வைக்கிறார். சாபம், பரிந்துரை, கெடு. நம்மை அவமதித்தவருக்காக நாமே பேசுகிறோமா என்ற தேர்வு இங்கே தயாராக இருக்கிறது. அதன் விளைவு உடனே தெரிய வேண்டியதில்லை. காட்டு ஓரத்தில் இரண்டு நரிகள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

நடுவழிக்கு வருவோம். காப்பியத்தில் அவர்கள் போவது இதில்தான். ஊர்களுக்கு இடையே காடுகள். அங்கே ஒரு தெய்வம் உண்டு, அது அச்சம் தராமல் இனிமையாகத் தோன்றி, துன்பம் செய்யாமல் போவோரைத் தடுக்கும் என்று மறையோன் எச்சரித்திருந்தான். கோவலன் நீர் தேடி ஒரு பொய்கைக்குப் போகிறான். மாதவியின் தோழி வயந்தமாலையின் உருவில் தெய்வம் வந்து காலில் விழுகிறது.

அந்தப் பொய் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், பொய் வசனம் எழுத இதைவிட நல்ல பாடம் கிடையாது. வயந்தமாலையாக வந்த தெய்வம் சொல்வது இது: நான் கடிதத்தைத் தவறாகக் கொண்டு சேர்த்தேன் என்று மாதவி கோபித்தாள். கணிகை வாழ்க்கை கடைப்பட்டது என்று நொந்துகொண்டாள். தன் முத்துவடத்தைத் தன் கையாலேயே அறுத்தாள். என்னையும் துறந்தாள். நீங்கள் மதுரைக்குப் போவதாக எதிரே வந்தவர்கள் சொன்னார்கள். வணிகச் சாத்தோடு, அதாவது வியாபாரிகள் கூட்டத்தோடு, சேர்ந்து வந்தேன். இப்போது உங்கள் ஆணை என்ன? கடிதம் உண்மை; வேனிற்காதையில் வயந்தமாலை கொண்டுவந்து கோவலன் மறுத்த கடிதம். காட்டுக்குள் தனியாக எப்படி வந்தாள் என்ற ஐயத்துக்கு வணிகச் சாத்து பதில் சொல்கிறது. அறுந்த முத்துவடம் கண்ணால் பார்த்தது போன்ற நம்பிக்கையைத் தருகிறது. கடைசியில் பந்தைக் கேட்பவன் கையில் போடுகிறது: ஆணை என்ன? இந்த அடுக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விளையாடுபவருக்குத் தெரிந்த ஓர் உண்மை, எழப்போகும் ஐயத்துக்கு முன்கூட்டியே ஒரு பதில், கண்ணில் நிற்கும் ஒரு பொருள், பிறகு ஒரு கேள்வி. நான்கு வசனப்பெட்டி. ஐந்தாவது வைத்தால் பொய் அதிகம் பேசுகிறது என்று தெரிந்துவிடும்.

கோவலன் மறையோன் சொன்னதை நினைத்துக்கொண்டு கொற்றவையின் மந்திரத்தை ஓதுகிறான். தெய்வம் தன்னை வெளிப்படுத்துகிறது: நான் வனசாரிணி, மயக்கினேன், உன் மனைவியிடமும் அந்தத் தவமகளிடமும் இதைச் சொல்லாமல் போ.

எச்சரிக்கை முன்பே வந்திருக்கிறது என்பதால்தான் இது நியாயமான பொறி. மறையோனின் பேச்சைத் தட்டித் தள்ளிவிட்டு வந்தவரும் உண்டு என்பதை மறக்காதீர்கள். மூன்று வழியையும் அவன் ஒரே மூச்சில் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள். விளையாடுபவர் ஒவ்வொரு வழியாகக் கேட்கட்டும், ஒவ்வொன்றுக்கும் மூன்று பெட்டி: காலுக்குக் கீழே என்ன, வழியில் யார், எதற்கு அஞ்ச வேண்டும். ஒரு பெட்டிக்கு 12 சொல்லுக்கு மேல் வேண்டாம். எச்சரிக்கையில் "தோன்றி" என்ற சொல்லை வைத்துவிட்டு, பொய்கைக் காட்சியின் வருணனையிலும் "அங்கே வயந்தமாலை தோன்றினாள்" என்று எழுதுங்கள். வந்தாள் என்று எழுதக் கூடாது. காதுள்ளவர் பிடித்துக்கொள்வார்.

இதன் மறுபாதி இரண்டு காதை தள்ளி, புறஞ்சேரி இறுத்த காதையில் இருக்கிறது. இப்போது உண்மையாகவே மாதவியின் தூதன் வருகிறான், கோசிகன். துயரத்தில் உருமாறிப்போன கோவலனை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அதனால் அங்கே படர்ந்த ஒரு மாதவிக்கொடியிடம் பேசுவது போலப் பேசிப் பார்க்கிறான். அவன் கொண்டுவந்த ஓலையின் மண் முத்திரையில் மாதவியின் கூந்தல் நெய் மணக்கிறது. கூடியிருந்த காலத்து மணம். அதுதான் சான்று. பொய்த்தூதிடம் எல்லா விவரமும் இருந்தது, மணம் மட்டும் இல்லை. கேமில் முதல் தூதை நம்பி ஏமாந்தவர் இரண்டாவது தூதையும் விரட்டப் பார்ப்பார். அங்கே "ஓலையைக் கையில் வாங்கு" என்ற தேர்வை வையுங்கள். வாங்கினால் வசனம் எதுவும் வேண்டாம், முத்திரையை முகத்தருகே கொண்டுபோகிற ஓர் அசைவு போதும். கடிதத்தைத் திறக்காமலே உண்மை தெரிந்துவிடும்.

இனி கணக்கு. மூன்று வழியையும் தனித்தனிக் கதையாக விட்டால் என்ன ஆகும்? வலவழிக்கு 1 முடிவு. இடவழியில் குகைக்குப் போகாமை 1, முதல் கதவில் திரும்புதல் 1, இரண்டாவதில் திரும்புதல் 1, பொய்கைகள் 3, ஆக 6. நடுவழியில் மந்திரம் ஓதினார் அல்லது ஓதவில்லை, பிறகு சொன்னார் அல்லது மறைத்தார், ஆக 4. மொத்தம் 11. அடுத்த காட்சியை 11 விதமாக எழுத முடியாது, எழுதவும் கூடாது. எல்லா வழியும் எயினரின் ஐயை கோட்டத்தில், அதாவது கொற்றவை கோயிலில், வந்து கூடட்டும். மூலத்திலும் நடுவழி அங்கேதான் சேர்கிறது, அடுத்த காதை வேட்டுவ வரி. கையில் எடுத்துப்போக வேண்டியவை நான்கு மாறிகள் மட்டும்: எந்த வழி, எந்தப் பொய்கை, தெய்வத்தை அறிந்தானா, கண்ணகியிடம் சொன்னானா. கோட்டத்தில் ஒவ்வொரு மாறிக்கும் ஓரிரு வசனம் மாறினால் போதும். தன் தேர்வு நினைவில் வைக்கப்பட்டிருக்கிறது என்று விளையாடுபவர் உணர அதுவே தாராளம்.

இதை எழுத இங்க் நல்ல கருவி. இங்கிள் நிறுவனம் உருவாக்கி 2016இல் திறமூலமாக வெளியிட்ட மொழி அது. நட்சத்திரக் குறி போட்ட தேர்வு ஒருமுறை எடுத்ததும் மறைந்துவிடும். கூட்டல் குறி போட்டது நிலைத்திருக்கும். வரோத்தமையின் விடைகளுக்கு நட்சத்திரம், மறையோனிடம் வழி கேட்பதற்குக் கூட்டல். மாற்றிப் போட்டுவிட்டால் மறையோன் ஒரு வழியை ஒரே ஒருமுறைதான் சொல்வான், மறந்தவர் மாட்டிக்கொள்வார். எந்தப் பகுதிக்கு எத்தனை முறை வந்தார் என்பதை இங்க் தானே எண்ணி வைப்பதால் மும்முறை மலைவலத்துக்குத் தனி மாறி தேவையில்லை. மாறிகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள், பின்னால் தலைவலி குறையும்.

முடிவு எல்லோருக்கும் தெரியுமே, கோவலன் சாகத்தானே போகிறான், பிறகு தேர்வுக்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். சிலப்பதிகாரம் தன் பதிகத்திலேயே முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. 9ஆம் காதையில் கண்ணகி கண்ட கனவு வருகிறது, 15ஆம் காதையில் கோவலன் கண்ட கனவு. முடிவை மறைத்து வைப்பது அதன் நோக்கமே இல்லை. ஆகவே தேர்வுகள் சாவை மாற்ற வேண்டாம். யாருக்கு யாரைப் பற்றி என்ன தெரிந்த நிலையில் அந்தச் சாவு வருகிறது என்பதை மாற்றட்டும். 2020இல் முழுமையாக வெளிவந்த ஹேடீஸ் கேமில் கிரேக்கப் பாதாள உலகிலிருந்து தப்பப் பார்க்கும் சாக்ரியஸ் செத்துச் செத்து வீட்டுக்கே திரும்புகிறான். திரும்பும் ஒவ்வொரு முறையும் வீட்டிலிருப்பவர்கள் புதிதாக ஏதோ பேசுகிறார்கள். செத்தவர் பாதாளத்துக்குப் போவார் என்ற கிரேக்க விதியை அப்படியே கேமின் விதியாக்கியதால் வந்த பலன் அது.

ஒரு விஷயத்தைத் தள்ளிவைக்க முடியாது. கண்ணகி பழங்கதைப் பாத்திரம் மட்டும் இல்லை. மட்டக்களப்பில் வைகாசிதோறும் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. சிங்களவர் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். தமிழக, கேரள எல்லையில் மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரா பௌர்ணமியன்று மக்கள் மலையேறுகிறார்கள். திரௌபதி அம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் காத்தவராயனுக்கும் இது பொருந்தும். இப்படிப்பட்டவரை அடித்து வீழ்த்தும் எதிரியாக வைப்பது, செத்தால் எழும் பொம்மையாக வைப்பது, ஆடை அலங்காரத்தைக் காசுக்கு விற்பது எல்லாம் வணங்குகிறவர்கள் முகத்தில் அறைவது. காட்சி எழுதி முடித்த பிறகு போய் அனுமதி கேட்பதும் பயனில்லை. 2014இல் வந்த நெவர் அலோன் கேம் அலாஸ்காவின் இனுபியாக் மக்களின் கதை. அந்த மக்களின் மூத்தோரும் கதைசொல்லிகளும் உருவாக்கத்திலேயே பங்கெடுத்தார்கள், கதைசொல்லும் குரலும் அவர்கள் மொழியில் ஒலிக்கிறது. நம் பக்கம் என்றால் கோயில் பூசாரி, கூத்து வாத்தியார், வில்லுப்பாட்டுக்காரர் ஆகியோரிடம் முதல் வாரமே போக வேண்டும், அவர்கள் நேரத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். எதை மேடையில் காட்டலாம், எதைச் சொல்லில் மட்டும் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். தெருக்கூத்தில் பெரிய வேடம் எடுத்ததும் வெளியே வராது. திரைக்குப் பின்னால் நின்று பாடும், கட்டியக்காரன் யார் என்று கேட்பான், பிறகுதான் திரை விலகும். முக்கியப் பாத்திரத்தை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல உத்தியை நான் எந்த கேமிலும் பார்த்ததில்லை.

தமிழில் எழுதும்போது தமிழே சில இடங்களில் காலை வாரும். பெயரை மாறியில் வைத்து அதன் பின்னால் "ஐ" ஒட்டினால் போதும் என்று நிரலாளர் நினைப்பார். சிலம்பு சிலம்பை ஆகும், கோவலன் கோவலனை ஆவான், ஆனால் காடு காட்டை, ஆறு ஆற்றை, பணம் பணத்தை. அடுத்த சொல் "கொடு" என்றால் "சிலம்பைக் கொடு" என்று ஒற்றும் மிக வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஐ, ஆல், கு, இன், இல் என்று ஐந்து வடிவங்களை அட்டவணையில் கையால் எழுதி வைப்பதே வழி. 40 பொருள் என்றால் 200 கட்டம், ஒரு நாள் வேலை. வந்தான், வந்தாள், வந்தார் மூன்றையும் அதே அட்டவணையில் சேருங்கள். கவுந்தியடிகளை ஓர் இடத்தில் "வந்தாள்" என்று கேம் சொல்லிவிட்டால் அதுவரை கட்டிய மரியாதை அத்தனையும் போய்விடும்.

எழுத்துரு சோதிக்க "கொற்றவை" என்ற ஒரு சொல் போதும். நான்கு எழுத்து, ஆனால் கணினிக்கு ஏழு குறியீடு. கொவும் வையும் முன்னால் ஒரு குறி வாங்குபவை. யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ அந்தக் குறிகளை இடம் மாற்றி அடுக்காததால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதற்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். கோடோ எஞ்சினின் 4ஆம் பதிப்பு சரியாக அடுக்குகிறது. வசனம் எழுத்தெழுத்தாகத் தட்டச்சாவது போல வர வேண்டுமென்றால் குறியீடு குறியீடாகக் காட்டாதீர்கள். க என்று வந்து கொ என்று மாறும், ற என்று வந்து தலையில் புள்ளி முளைக்கும், கண் கூசும். முழு எழுத்தாகப் பிரித்துக் காட்டுங்கள், அல்லது சொல் சொல்லாக.

அந்த நான்காவது மாறி பாக்கி இருக்கிறது, கண்ணகியிடம் சொன்னானா என்பது. வனசாரிணி மறைந்ததும் திரையில் "சொல்", "மறை" என்று இரண்டு பட்டன் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. காப்பியத்தில் கோவலன் தாமரை இலையில் நீர் ஏந்திக்கொண்டு போய்க் கண்ணகியின் தாகம் தீர்க்கிறான். அந்த நடையை விளையாடுபவர் கையில் கொடுங்கள். ஓடினால் இலை தளும்பி நீர் குறையும், ஆகவே மெதுவாகத்தான் போக வேண்டும். ஒரு நிமிட நடை, பின்னணி இசை இல்லை, வெயிலும் காலடியும் மட்டும். கண்ணகி குடித்து முடித்து, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பாள். பேசுவதற்கான பொத்தான் அப்போது ஒளிரட்டும். அழுத்தாமல் அப்படியே நின்றால் பத்து வினாடியில் அவளே எழுந்து இலையைக் கீழே வைத்துவிட்டு நடப்பாள்.